அப்பாவின் ஏழு பத்து

அப்பா தொலைபேசி இலாகாவில் முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்தவர். கம்பம் ஏறுவதற்குத் தோல் பெல்ட் கட்டிக் கட்டி இடுப்பில் ஒரு வளையம் போலத் தோல் கறுத்துத் தடித்திருந்தது. அத்தனை பேரைப் பேச வைத்தவர், தான் போனில் பேசியது குறைவு. நான் கூப்பிட்டால், சாப்பிட்டாயா என்று கேட்பார், உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு மத்தியானம் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மறுநாள் காலை, அவர் உடல் இன்னும் கூடத்தில் கிடக்கும்போது, என் கையிலிருந்த அவர் போன் ஒலித்தது. மணி ஏழு பத்து. திரையில் 'டெஸ்ட்' என்று இருந்தது. யாராவது பார்ப்பதற்குள் கட் செய்தேன்.

அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு அடுத்த நாளும்.

முதலில் ரத்தப் பரிசோதனை நிலையம் என்று நினைத்தேன். பெரிய வியாதி ஏதோ இருந்து, எங்களிடம் மறைத்துவிட்டாரோ? அலமாரியைக் குடைந்ததில் பழைய சர்க்கரை ரிப்போர்ட் ஒன்றுதான் கிடைத்தது. பிறகு போனில் பழைய அழைப்புகளைப் பார்த்தேன். தினமும் ஏழு பத்து. தினமும் அப்பா கட் செய்திருக்கிறார். ஒரு நாள்கூடப் பேசவில்லை. பேசாத ஆளோடு தினமும் என்ன தொடர்பு?

அப்போதுதான் நினைவுக்கு வந்தது: தினமும் ஏழு மணிக்கு, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கிறேன் என்று அப்பா மாடிக்குப் போவார். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடும். அதைப் பொருத்தியதே அவர்தான்.

அண்ணனிடம் சொன்னேன். போன மனுஷனைத் தோண்டித் துருவாதே என்று அதட்டினான். அரை மணி கழித்து அவனே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொம்பளையா இருக்குமோ?" என்றான்.

அன்று அப்பாவின் சட்டைகளை முகர்ந்து பார்த்தேன், வேறு வாசனை ஏதாவது வருமா என்று. அவர் வாசனைதான் வந்தது. முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் பைகளைத் துழாவினேன்.

தினமும் ஏழு மணிக்கே போனைக் கையில் எடுத்துக்கொள்வேன். அம்மா காதில் விழுவதற்குள் கட் செய்துவிடுவேன். இருபத்திரண்டாம் நாள், அம்மா குளிக்கப் போயிருந்தபோது, துணிந்து எடுத்தேன்.

"ஏன் எடுத்தீங்க? உடம்புக்கு என்ன?" ஒரு பெண்குரல் பதறியது.

"நான் அவர் பொண்ணு. நீங்க யாரு?"

"அப்பாவக் கூப்பிடும்மா."

"அப்பா இல்ல. மூணு வாரம் ஆச்சு."

"இல்லையேம்மா. நேத்துகூட கட் பண்ணாரே."

இத்தனை நாளும் கட் செய்தது நான்தான் என்றேன். பிறகு அவர் விட்டு விட்டுச் சொன்னார். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் லைன்களைச் சோதிக்கும் டெஸ்ட் மேஜையில் வேலை பார்த்தவராம். அப்பா கம்பத்தில் லைனைச் சரிசெய்ததும் இவர் ஒரு மணி அடிப்பார், அப்பா கட் செய்தால் லைன் சரி என்று அர்த்தம். கணவர் போன பிறகு தனியாக இருந்தவர், ஒருமுறை குளியலறையில் விழுந்து ஒன்றரை நாள் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறார். அதைக் கேள்விப்பட்டு அப்பா செய்த ஏற்பாடுதான் இது. மணி வந்தால் அவர் நலம். கட் செய்தால் அப்பா நலம்.

போனை வைத்து நிமிர்ந்தால், ஈரத் தலையோடு அம்மா.

"அந்த டெஸ்ட்தானே?" என்றாள்.

அவளுக்கு நாலு வருஷமாகவே சந்தேகமாம். ஒரு நாள் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி, மத்தியானம் திரும்பி வந்து, வண்டி பஞ்சர் என்றிருக்கிறார். "போய்ப் பார்த்தேன். ஒட்டுன தடமே இல்ல." அது அந்தப் பெண்ணின் போன் தண்ணீரில் விழுந்து மணி வராததால் அப்பா பதறி ஓடிய நாள் என்று அவர் சொல்லியிருந்தார். அதை நான் எடுத்துச் சொன்னாலும் அம்மா நம்பவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றாள்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறைதான் அவர் வீடு. வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மாவால் நிற்க முடிந்தது. என் அம்மா சுவரில் இருந்த அவருடைய கணவர் படத்தைப் பார்த்தாள், கதவருகே செருப்புகளைப் பார்த்தாள், அலமாரியில் தம்ளர்களைக்கூட எண்ணியிருப்பாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்கிட்ட ஏன் மறைச்சார்?"

அந்த அம்மா விழித்தார். "உங்ககிட்ட சொல்லிட்டேன்னுதானே என்கிட்ட சொன்னார்."

கிளம்பும்போது, நாளை முதல் என் போனுக்கு மணி அடியுங்கள், நான் கட் செய்கிறேன் என்றேன். அம்மா குறுக்கிட்டு, கட் செய்யக் கூடாது, எடுத்துப் பேச வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றாள்.

"பொய் சொல்ற முகமாத் தெரியல. அப்ப உங்கப்பாதான் ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொல்லியிருக்கார். இன்னும் என்னென்ன மறைச்சாரோ. இன்னைக்கு வீட்டுக்கு வரட்டும்..."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கைப்பிடியைப் பற்றியபடி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.