முதலில் பச்சைத் தண்ணீரில்

எழுபதுகளின் தொடக்கம். என் மகளுக்குப் பதினோரு மாதம், எடை ஏறவில்லை. பாப்பாரப்பட்டியில் எங்கள் தெரு மாதர் சங்கம் நடத்திய பால்வாடியில், ராகியும் பயறும் வறுத்து அரைத்து, பால் பவுடர் கலந்து பொட்டலமாகக் கொடுத்தார்கள். அவள் வயிற்றில் தங்கிய ஆகாரம் அது ஒன்றுதான். பால் பவுடர் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது.

ஆனால் மற்றப் பெண்களுக்கு மாவு பிடிக்கவில்லை. "கட்டி கட்டியா நிக்குதுங்க, புள்ள துப்புது. கன்னுக்குட்டிக்குத்தான் ஊத்துனேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இந்த மாதமும் மிஞ்சினால் அரைப்பதையே நிறுத்திவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தது. பொட்டலத்தோடு கொடுத்த தாளில், 'இரண்டு டம்ளர் தண்ணீருக்கு நான்கு கரண்டி மாவு. கைவிடாமல் கிளறிக் காய்ச்சவும்' என்று இருந்தது. எழுதியவர் பால்வாடி டீச்சர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கார்பன் வைத்து நகல் எடுத்தவள் நான். ராகி மாவைக் கண்டால் எங்கள் ஊர்க் கை களி கிண்டத்தான் போகும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் மாவைக் கொட்டுவோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒருநாள் குழந்தை வீறிட்ட பதற்றத்தில், அடுப்பு பற்றுமுன்பே மாவைக் கொட்டிக் கரைத்துவிட்டேன். கஞ்சி வழுவழுவென்று வந்தது. வெந்ததோ இல்லையோ என்று பயந்து, பாதிக் கிண்ணத்தை நானே குடித்துப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கொடுத்தேன்; அன்றுதான் துப்பாமல் குடித்தாள்.

டீச்சரிடம் எப்படிச் சொல்வது? அந்தத் தாளைச் சங்கத்தில் வாசித்துக் கைதட்டல் வாங்கியவர். பள்ளியிறுதி படித்த திமிர் என்று நினைப்பாரோ? தாளில் சேர்க்க ஒரு வரியை இரண்டு நாள் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். மூன்றாம் நாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

"டீச்சர், எனக்குத்தாங்க பக்குவம் போதல. கொதிக்கிற தண்ணில போட்டேன், கட்டி தட்டிருச்சு. தாளை நான் சரியா வாசிக்கலியோ என்னவோ."

"கொதிக்கிற தண்ணியிலயா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. வேண்டாம்னும் சொல்லலீங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவர் தாளை எடுத்து மறுபடி வாசித்தார். "எங்க வீட்டுல கரைச்சுட்டுத்தான் அடுப்புல வைப்போம். அதை எழுதணும்னே தோணலை." பிறகு, "தப்பு உங்களுதுன்னா, கையில அது என்ன காகிதம்?"

நீட்டினேன். 'தாய்மார்கள் சிரமம் பாராமல், கூடுமானவரை, முதலில் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்துக்கொண்டால் நலமாக இருக்கும் என்று தோன்றுகிறது.'

டீச்சர் சிரித்துவிட்டார். "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள புள்ள தூங்கிடும்மா." பேனாவால் ஒவ்வொரு சொல்லாக அடித்து, 'கரைத்துக்கொண்டால்' என்பதைத் திருத்தினார். 'முதலில் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைக்கவும்' என்பது மட்டும் மிஞ்சியது.

"அதட்டுற மாதிரி இருக்குங்களே?"

"அடுப்பு முன்னால நிக்கிறவளுக்கு உபசாரம் எதுக்கு?"

அன்றே நகல் எடுத்தேன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"இவ்ளோதானா? மொதல்லயே சொல்றதுக்கு என்னவாம்? என் கன்னுக்குட்டி கொழுத்துப்போச்சு, புள்ளதான் தேயுது."

அந்த மாதம் மாவு மிஞ்சவில்லை, அரைப்பதும் நிற்கவில்லை. ஆனால் 'மொதல்லயே' என்று அவள் கேட்டதுதான் மனதில் நின்றது. நான் எழுதிக் கிழித்த இரண்டு நாளும் அவள் பிள்ளை துப்பிக்கொண்டுதானே இருந்திருக்கும்.