மலை ஏற்றிப் பார்க்காமல் வண்டி கேட்டவர்

இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடங்களாகியும் எனக்குப் பழகாத ஒன்று, வாசற்கதவில் கடிதம் போடுவதற்கென்று வெட்டியிருக்கும் நீளத் துவாரம். நம் ஊர்த் தபால்காரர் தெருமுனையிலேயே சைக்கிள் மணியடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடிதம் எங்கிருந்து வந்திருக்கிறது என்பதையும் அவரே சொல்லிவிட்டுப் போவார். இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. துவாரத்தை மூடியிருக்கும் பித்தளைத் தகடு ஒருமுறை அடித்துக்கொள்ளும், உள்ளே தரையில் ஏதோ விழும், வெளியே காலடிச் சத்தம் போய்விடும். தனியாக இருக்கும் பகல்களில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். கதவைத் திறக்காமலேயே வெளியுலகம் வீட்டுக்குள் கைநீட்டுகிறதே என்று நினைப்பேன். அந்தப் பயம் ஒருமுறை உண்மையாகவே வீடு தேடி வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். என் கணவருக்குக் கணினி வேலை. அந்த வேலை திடீரென்று வடக்கே அபர்டீனுக்கு மாறியதால் அவர் முதலில் போய்விட்டார். வீட்டைக் காலி செய்வதும் எங்கள் சின்னச் சிவப்புக் காரை விற்பதும் என் தலையில் விழுந்தன. பழைய கார் விற்கும் இணையதளம் ஒன்றில் அவரே படம் போட்டு, என் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்துவிட்டார். இரண்டாம் நாளே ஒரு மடல் வந்தது. எழுதியவர் ஒரு கப்பலில் இன்ஜினியராம், நடுக்கடலில் இருக்கிறாராம், வெளிநாட்டில் இருக்கும் தன் தகப்பனாருக்காகக் கார் வாங்குகிறாராம். நேரில் வந்து பார்க்க இயலாது, காசோலை அனுப்புகிறேன், என் ஏஜென்ட் வந்து காரை எடுத்துக் கப்பலேற்றிக்கொள்வார், வீட்டு முகவரியை மட்டும் அனுப்புங்கள் என்றிருந்தார். 'அன்புச் சகோதரி' என்று தொடங்கி, 'கடவுள் சாட்சியாக நான் நேர்மையானவன்' என்று முடித்திருந்தார். விலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய மடல். எனக்கோ சந்தேகம் வந்தது. காரணம் அந்த மடலில் இருந்ததல்ல, இல்லாதது. வண்டி எப்படி ஓடும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் பிறந்தது திருத்தணி. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அம்பாசடர் டாக்ஸி வைத்திருந்தார். ரயிலிலிருந்து இறங்கும் பக்தர்களை மலைக்குக் கூட்டிப்போவதும், அங்கிருந்தே திருப்பதிக்கு நடை அடிப்பதும் அவர் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்க வருகிறவர் எவராக இருந்தாலும் முதலில் அதை மலைப்பாதையில் ஏற்றிப் பார்ப்பார். இரண்டாவது வளைவில் என்ஜின் இருமுகிறதா, மேலே போய் நின்றதும் ரேடியேட்டரில் ஆவி பறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்படியே சாமியையும் கும்பிட்டுவிட்டுக் கீழே வந்துதான் பேச்சைத் தொடங்குவார். வண்டிக்கும் பரீட்சை, வாங்குகிறவருக்கும் பரீட்சை. மலை ஏற்றிப் பார்க்காமல் வண்டி கேட்கிறவனை டாக்ஸி ஸ்டாண்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடலில் இருப்பவரை எந்த மலையில் ஏற்றுவது? யோசித்து ஒரு பொய் சொன்னேன். 'ஐயா, கார் மேட்டில் ஏறுவதில்லை, கியர் பெட்டியில் கோளாறு இருக்கிறது, பின்சீட்டும் கிழிந்திருக்கிறது, சம்மதமா?' என்று எழுதினேன். எங்கள் கார் தேர் மாதிரி ஏறும், சீட்டில் ஒரு கீறல் கிடையாது. ஆனாலும் உடனே பதில் வந்தது. காரின் நிலை தனக்குப் பரிபூரணத் திருப்தி என்றும், காசோலை தபாலில் கிளம்பிவிட்டது என்றும் சொன்னது. அந்தப் பதிலைப் படித்தபோதுதான் நான் உண்மையில் பயந்தேன். ஏனென்றால் முதல் மடலை நான் கணவருக்கு அனுப்பிக் காட்டியிருந்தேன், அவர் வீட்டு முகவரியை அந்த ஆளுக்கு முன்பே எழுதிவிட்டிருந்தார்.

நான் இப்படிப் பயப்படுவதற்கு ஒரு கதை உண்டு. நான் பிளஸ் டூ படித்த வருடம் நைனா வேன் வாங்க நினைத்து அம்பாசடரை விற்றார். வாங்க வந்தவர் ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கத்துக்காரர், தெலுங்கு பேசுகிறவர். எங்கள் வீட்டிலும் பாதிப் பேச்சு தெலுங்குதான் என்பதால் வந்த அரைமணியில் நைனாவை 'பாவா', அதாவது மச்சான், என்று உறவு கொண்டாட ஆரம்பித்துவிட்டார். முறையாக மலை ஏற்றிப் பார்த்தார். மேலே வண்டிக்கு முன்னால் சூடம் கொளுத்தி, பேரை எங்க ஊர் ஆபீசிலேயே மாத்திக்கிறேன், பாவாவுக்கு ஒரு தொந்தரவும் வராது என்று உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியமும் பண்ணினார். நைனா உருகிப்போனார். பெயர் மாற்றும் படிவங்களில் எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்புறம் மாதங்கள் போயின. பேர் மாறியதா என்று கேட்டு எழுதச் சொல்லி அம்மா நச்சரித்தாள். "சூடம் அணைச்சவன போயி, மாத்தினியா மாத்தினியான்னு கேட்டுகினு இருந்தா இன்னா நெனப்பான்?" என்று நைனா அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஒருநாள் காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. அந்தப்பக்கத்துப் போலீஸ். தெலுங்கில் வண்டி எண்ணைச் சொல்லி, இது உன் வண்டியா என்றார்கள். அந்த எண்ணைக் கேட்டாலே நைனாவுக்கு ஒரு பெருமை. பழக்க தோஷத்தில், "ஆங், என் வண்டிதாங்க" என்றார். விற்றுவிட்டேன் என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். வண்டியில் செம்மரக் கட்டைகள் பிடிபட்டிருந்தன. ஓட்டியவன் ஓடிவிட்டான், பேர் மட்டும் நைனா பேராக இருந்தது. ஒரு வாரம் கழித்து நைனா திரும்பி வந்தார். யாரிடமும் பேசாமல் நேராகக் குழாயடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அங்கே என்ன நடந்தது என்று இதுவரை சொன்னதில்லை. அதன்பிறகு வருடக்கணக்கில் வாய்தாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். காக்கி நிறச் சட்டை கொடியில் காய்ந்தாலே நான் வேறு தெரு வழியாகப் போவேன் என்று சொன்னால் இங்கே யாருக்குப் புரியும்?

காசோலை வந்தே விட்டது. தகடு அடித்துக்கொண்டு, உறை தரையில் விழுந்தது. கேட்ட விலையைவிடப் பெருந்தொகைக்கு எழுதியிருந்தது. மிச்சத்தை உடனே ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள், கப்பல் கூலி என்று ஒரு குறிப்பும் உள்ளே இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வீட்டில் எது புரியாவிட்டாலும் சாமி அலமாரியில் வைப்பதுதான் வழக்கம். சமையலறை அலமாரியில் முருகன் படத்துக்கு முன், மலையிலிருந்து அம்மா அனுப்பிய திருநீற்றுக் கிண்ணத்துக்குக் கீழே அந்த உறையை வைத்துவிட்டேன்.

கணவருக்குத் தொலைபேசினேன். காசோலை கையில் இருக்கும்போது என்ன பயம், வங்கியில் போடு என்றார். நீ உங்கப்பா கதையை இங்கே கொண்டு வராதே என்றும் சொன்னார். அவருக்குக் கோபமில்லை, அவசரம். எனக்கு அழுகை வந்தது. பிறகு திருத்தணிக்கு அடித்தேன். நைனா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"யாரு பேருக்கு மாத்தப் போறானாம்?" என்றார்.

"அது தெரியல நைனா. ஏஜென்ட் வருவாராம்."

"சூடம் அணைச்சானா?"

கடவுள் சாட்சி என்று மடலுக்கு மடல் எழுதுகிறார் என்றேன்.

"அப்போ வேணாம்மா," என்றார் நைனா.

மறுநாள் மத்தியானமே ஏஜென்ட் அனுப்பிய ஆள் வந்துவிட்டார். கார் ஏற்றும் நீண்ட லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சுக் காட்டாமல் இருந்தேன். மணி அடித்தார். தட்டினார். பிறகு தகடு மெல்லத் திறந்து, துவாரத்தில் நாலு தடித்த விரல்கள் தெரிந்தன. "லவ், உள்ளே இருக்கிறாயா?" என்று ஒரு குரல். கடைக்காரரும் பஸ் ஓட்டுநரும் யாரையும் 'லவ்' என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கதவுக்கு அந்தப்பக்கம் முகமே தெரியாத ஓர் ஆண் அப்படிக் கூப்பிட்டபோது அது வழக்கமாகத் தோன்றவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெகுநேரம் கழித்து மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் லாரிக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். வயதானவர். அவரும் கூலிக்கு வந்தவராகத்தான் இருக்கவேண்டும். அப்போதும் எனக்கு இறங்கிப் போகத் தைரியம் வரவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு வெறும் லாரியோடு போய்ச்சேர்ந்தார்.

அன்று மாலையே கப்பல்காரரின் தொனி மாறியது. 'சகோதரி' போய்விட்டது. என் காசோலையை வைத்துக்கொண்டு காரைத் தராமல் ஏமாற்றுகிறாய், போலீசில் சொல்வேன், குடிவரவுத் துறைக்கு எழுதி உன்னையும் உன் கணவனையும் நாடு கடத்த வைப்பேன் என்று மடல்கள் வந்துகொண்டே இருந்தன. விசாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்த ஒரு வார்த்தை போதும், சோறு இறங்காது. நாம் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது அப்போது நினைவுக்கு வராது. நைனாவும்தான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஜீப்பில் ஏறும்போது அவர் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வைதான் என் கண்முன் நின்றது.

கடைசியில் நானே போலீஸ் நிலையத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன். யாராவது வந்து கூட்டிப்போவதற்கு முன் நாமே போய்விடலாம் என்ற எண்ணம்தான், தைரியம் ஒன்றுமில்லை. உறையை அலமாரியிலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கே கவுன்டரில் இளவயதுப் பெண் போலீஸ் ஒருவர் இருந்தார். என்ன விஷயம் என்று சிரித்த முகமாகத்தான் கேட்டார். உறையைத் திறந்து காசோலையை உருவினேன். அதோடு சேர்ந்து பொலபொலவென்று வெள்ளைத் தூள் மேசையெல்லாம் கொட்டியது.

அந்த வருடங்களில் உறைக்குள் வெள்ளைத் தூள் என்றால், தபாலில் யாரோ அனுப்பிய ஆட்கொல்லிக் கிருமியோ என்று இந்த நாடே கிலி பிடித்துக் கிடந்தது. அலமாரியில் கிண்ணம் வழிந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் போய்விட்டார். இது என்ன என்று அவர் கேட்ட குரலில் சிரிப்பில்லை. ஆஷ் என்றேன். என்ன ஆஷ் என்றார். காட்'ஸ் ஆஷ் என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்து, மேசையிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நில் என்றார். என் பெயரைக் கேட்டார். வள்ளி என்றேன். கப்பல்காரர் அசலா போலியா என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன். இப்போது அவர்கள் என்னையே அப்படிப் பார்த்தார்கள்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மேசையில் கிடந்ததைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டேன். இன்னொரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மலையில் சாமி கும்பிட்டு வருகிறவர்கள் செய்வதுதானே. 'முருகா' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், உட்காரம்மா என்பது போல நாற்காலியைக் காட்டினார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு காசோலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போலி என்றார். இதைப் போல ஏற்கெனவே பார்த்திருக்கிறார்களாம். வங்கியில் போட்டிருந்தால் முதலில் பணம் வந்தது போலத் தெரியும், மிச்சத்தை நீங்கள் அனுப்பிய பிறகுதான் திரும்பி வரும் என்று விளக்கினார். அந்த ஆளால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது, உங்கள் பெயரில் எதுவுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். உங்கள் பெயரில் எதுவுமில்லை என்பதை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னார். அந்தக் கவுன்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

காரை எங்கள் தெருவில் இருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் வாங்கிக்கொண்டார். நான் சொல்லாமலேயே மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தார், எனக்கு நிம்மதியாக இருந்தது. பெயர் மாற்றத் தாளை நானே தபாலில் போட்டுவிடுகிறேன் என்றார். இல்லை, சேர்ந்தே போவோம் என்று சிவப்புத் தபால்பெட்டி வரை அவர் கூடவே நடந்தேன். அது உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டபிறகுதான் சாவியைக் கொடுத்தேன். விசித்திரமான பெண் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

சில வருடங்கள் கழித்து, எங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தபின் திருத்தணிக்குப் போயிருந்தேன். புதுப் பாஸ்போர்ட்டை நைனா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்து செய்து மூலையை வெட்டித் தந்திருந்த பழைய இந்தியப் பாஸ்போர்ட்டையும் பார்த்தார். "அப்போ நீ இப்போ எந்த ஊரு பேர்லம்மா கீற?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் சிரிக்கவில்லை.

மறுநாள் இருவரும் திருப்பதிக்குப் பஸ்ஸில் போனோம். எல்லை தாண்டிக் கொஞ்சதூரத்தில் சாலையோரமாக, அன்று நைனாவைக் கொண்டுபோன அந்தப் போலீஸ் நிலையம் வரும். பறிமுதல் செய்த வண்டிகளை முன்வெளியில் விட்டிருப்பார்கள். அந்த இடம் வந்ததும் நைனா வழக்கம்போல மறுபக்க ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் பார்த்தேன். சக்கரங்கள் இல்லாமல், கூரைமேல் கோவைக்கொடி படர்ந்து, அம்பாசடர் எங்கள் ஊர்ப்பக்கம் முகத்தை வைத்து நின்றுகொண்டிருந்தது. எண்பலகை மட்டும் அப்படியே இருந்தது. அது இன்னும் நைனா பேரில்தான் இருக்கிறது. மடியில் இருந்த பைக்குள் கையை விட்டேன். இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. வெட்டிய மூலை எந்த அட்டையில் இருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே, பஸ் அந்த இடத்தைத் தாண்டும்வரை நானும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.