பெருமாள் பேருங்க

இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்தவுடன் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டிவிடுகிறார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஒரு எண். ஊசி போடும் முன் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, நோயாளி வாயாலும் பெயரைச் சொல்லவைக்க வேண்டும். "கலியபெருமாள்தானே?" என்று கேட்கக் கூடாது. "உங்க பேரு என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் இதை நான் விளக்கும்போது, ரொம்பக் கவனமான நர்ஸ் என்று என்னை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நல்ல பெயர் எனக்கு எப்படி வந்தது என்பது எனக்கும் நன்னிலம் பக்கத்து அம்மா ஒருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கலியபெருமாளுக்குப் பஞ்சமே கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, ஒரே ஊரில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஊருக்குள் அதனால் ஒரு குழப்பமும் வராது. ஒருவர் மில்லுக்காரர், ஒருவர் மேலத்தெருக்காரர், ஒருவர் நெட்டையர். ஆஸ்பத்திரிக்கு வரும்போது மட்டும் அந்த அடையாளத்தையெல்லாம் ஊரிலேயே விட்டுவிட்டு, வெறும் கலியபெருமாளாக வந்து படுத்துக்கொள்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், ஆண்கள் வார்டில் ஒன்பதாம் கட்டிலில் ஒரு கோ. கலியபெருமாள், பன்னிரண்டாம் கட்டிலில் இன்னொரு கோ. கலியபெருமாள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. பன்னிரண்டாம் கட்டில்காரர் கீழ்வேளூர்ப் பக்கம். பைக்கிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்தவர். ஒன்பதாம் கட்டில்காரர் நன்னிலம் பக்கம். வயிற்றுப்புண் முற்றி ரத்த வாந்தி எடுத்து அரை மயக்கத்தில் கிடந்தார். இருவருக்குமே ரத்தம் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார்.

மதியம் ரத்த வங்கியிலிருந்து ஒரு பை வந்தது. சீட்டில் 'கோ. கலியபெருமாள்' என்று பார்த்தேன். அதற்குக் கீழேயே தகப்பனார் பெயரும் ஊரும் இருந்தன. என் கண் அங்கே போகவில்லை. காலையிலிருந்து ஒன்பதாம் கட்டிலைப் பற்றிய கவலையிலேயே இருந்ததால் நேரே அங்கே போய் நின்றேன். இரண்டு நர்சுகள் சேர்ந்து சரிபார்க்க வேண்டும் என்பது அப்போதும் விதிதான். கூட இருந்தவள் பக்கத்து வார்டுக்கு உதவப் போயிருந்தாள். நான் காத்திருக்கவில்லை. "கலியபெருமாள்தானே?" என்றேன். அவர் முனகினார். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டிலோரம் அவர் மனைவி நின்றிருந்தார். நடவு வயலிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர். நகக்கண்களில் சேறு காய்ந்திருந்தது. நோயாளியின் பெயரையும் தகப்பனார் பெயரையும் கூட இருப்பவரிடம் கேட்டு எழுத, படிவத்தில் ஓர் இடம் உண்டு. வழக்கமாக நாங்களே எழுதிக்கொண்டு கைநாட்டு மட்டும் வாங்கிக்கொள்வோம். அன்றைக்கு ஏனோ கேட்டேன்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பெருமாள் பேருங்க."

பெருமாளுக்கு ஆயிரம் பெயர் இருக்கிறது, எதை எழுதட்டும் என்றேன். இப்போது அவரிடம் சொல்லிக் கேட்டீர்களே, அதுதான் என்றார். மாமனார் பெயரைக் கேட்டேன். அதுவும் பெருமாள் பெயர்தானாம். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும், மாமனார் பெயரைச் சொல்வது மரியாதையில்லை என்று வளர்ந்தவர். "நீங்க எழுதியிருந்தீங்கன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். எங்கள் ஜனங்கள் இப்படித்தான். வெள்ளை உடுப்பு போட்டவர் எதைக் கேட்டாலும் ஆமாங்க. காகிதத்தில் இருந்தால் அது உண்மை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைக் கவனம் என்று இன்றுவரை நான் சொல்லிக்கொண்டதில்லை. அது சுத்தமான வீம்பு. நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் ஏற்றுவேன் என்று பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து புருஷன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னார்.

"கோவிந்தராசு மவன் கலியபெருமாளுங்க."

எழுதிக்கொண்டே பையைப் பார்த்தேன். சீட்டில் கோபால்சாமி மகன் என்றிருந்தது. ஊர் கீழ்வேளூர். ரத்த வகையும் வேறு. அதை ஏற்றியிருந்தால், ஏற்கெனவே துவண்டு கிடந்த அந்த மனிதர் பிழைத்திருக்க மாட்டார். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பன்னிரண்டாம் கட்டிலில் ஒழுங்காகக் கேட்டு, சரிபார்த்து ஏற்றினோம். ஒன்பதாம் கட்டிலுக்கு உரிய பை நாலு மணிக்கு வந்தது. நடந்ததைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. தூரத்திலிருந்து என் பிடிவாதத்தைப் பார்த்திருந்த தலைமை நர்ஸ், ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதால் விடாமல் கேட்டாள் என்று டாக்டரிடமே பாராட்டிச் சொன்னார். நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் கூசுகிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்பதாம் கட்டில்காரருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தன. டாக்டர் வந்து பார்த்தார். சரியான ரத்தம் ஏற்றினாலும் சிலருக்கு வருவதுதான் என்று மருந்து கொடுத்தார், இறங்கிவிட்டது. ஆனால் மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது அந்த அம்மா வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, உள்ளேயும் போகவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

"முப்பது வருசமா சொல்லாத வாயிங்க இது," என்றார் என்னைப் பார்த்து. "நேத்து சொன்னேன், நேத்தே காட்டிடுச்சு."

சாதாரணக் காய்ச்சல்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆமாங்க என்றிருப்பார், நம்பியிருக்க மாட்டார். புருஷனுக்கு எப்போது தலைவலி வந்தாலும் தன் வாயைத்தான் நொந்துகொள்வார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் திரண்டு வருவார்கள், புகார் போகும், வேலை போகலாம். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளம்தான் அடுப்பெரித்தது. பயமாக இருந்தது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் வேற ஒருத்தருக்கு வந்த ரத்தத்தைத்தான் எடுத்துட்டு வந்தேம்மா. நீங்க பேரைச் சொல்லலைன்னா ஏத்தியிருப்பேன்."

சட்டென்று என் பக்கம் திரும்பினார். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தேன்.

"அப்ப, சொன்னதுனாலதான் இருக்காங்களா?"

ஆமாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, என்னிடம் அனுமதி கேட்பதுபோல், "இன்னொரு தரம் சொல்லட்டுங்களா?" என்றார்.

உள்ளே போனார். நான் கதவருகிலேயே நின்றுகொண்டேன். கட்டிலருகே குனிந்து, காதோரம், "கலியபெருமாளு" என்று கூப்பிட்டார். புருஷன் கண்ணைத் திறந்து, யார் கூப்பிட்டது என்று தெரியாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"நான்தாங்க" என்றார் அந்த அம்மா.