இமையை இழுத்துப் பார்க்கும் டாக்டர்

பிள்ளைகளே, உங்கள் அம்மா சோகை பிடித்து நடக்க முடியாமல் கிடந்தபோது, மலாயாவில், கிள்ளானில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்கு ஒல்லியான டாக்டர் ஒருவர் வருவார். இரத்தத்தில் இரும்பு ஏன் குறைகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. யாரைக் கண்டாலும் வணக்கத்துக்கு முன்பே கீழ் இமையை இழுத்து, உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். எங்களை மேய்க்கும் கங்காணியாலும் தப்ப முடியாது.

அவர் தந்த இரும்பு மருந்தைக் குடித்த மூன்றாம் நாள், "வெளிக்குக் கரியாட்டம் போகுதுங்க, குடல் அழுகிடுச்சு" என்று அம்மா அழுதாள். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கறுத்திருச்சா? நல்லது!" என்று அவர் கைதட்டிச் சிரித்தார். "உடம்புல சேராம மிஞ்சின இரும்புதான்ப்பா. உன் சம்சாரம் ஒழுங்கா குடிக்குதுன்னு அர்த்தம். பல பேர் சாக்கடையில ஊத்திட்டு என்கிட்ட பொய் சொல்றாங்க!"

எனக்குப் போன உயிர் திரும்பியது. யாரோ ஒருத்தியின் மலம் கறுத்ததற்காக இவ்வளவு மகிழ்ந்த படித்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.