வழிமொழிந்தவர்

நெவில் பார்க்கினுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்து நான் பார்த்ததில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்டில் க்ரீக் ரக்பி கிளப்பின் பாரில் பீர் ஊற்றிக் கொடுத்தே தலை நரைத்தவள் நான், எனக்கு ஆட்களைத் தெரியும். யாராவது மழை வரும் என்றால் நெவ் "வரும்தான்" என்பார். வராது என்றால் "எங்கே வரப் போகுது" என்பார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் ரயிலை ஓட்டிய காலத்திலும் இதே கதைதான். "கல்யாணத்துக்கு நான்தான் கேட்டேன், இந்த மனுஷன் வழிமொழிஞ்சாரு" என்று அவர் மனைவி மரீன் சொல்லிச் சிரிப்பாள்.

ஆட்டத்திலும் அப்படியே. பந்தோடு முட்டிக்கொண்டு ஓடுகிறவர் ஆல்டோ ஸனெட்டி. அவர் தோளுக்குப் பின்னால் நெவ். ஆல்டோவை நாலு பேர் மடக்கிச் சாய்க்கும்போது பந்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போனதே கிடையாது. ஒருவரைத் தனியாக விடுவது நெவ்வுக்கு ஆகாது. அது ஒரு வியாதி என்றே சொல்வேன்.

வயதான பிறகு இருவரும் கிளப்பின் நிர்வாகக் குழுவுக்கு வந்தார்கள். அங்கே எதை முடிவு செய்வதானாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லை என்றால் தீர்மானம் அங்கேயே செத்தது. முன்மொழிகிறவர் மூச்சு விடுவதற்குள் நெவ் "வழிமொழியறேன்" என்றுவிடுவார். கூட்டம் சீக்கிரம் முடியும், எல்லோரும் பாருக்கு வந்துவிடலாம். 'வழிமொழி நெவ்' என்று பேரே விழுந்துவிட்டது. அவருக்கு அதில் பெருமை வேறு.

பிறகு கெட்ட காலம் வந்தது. ஆலை மூடியது, கிளப்பின் சூதாட்ட மெஷினில் காசு போட ஊரில் ஆள் குறைந்தது, புயல் கூரையைக் கொண்டுபோனது, வங்கி கழுத்தைப் பிடித்தது. அப்போது பிரிஸ்பேனிலிருந்து ஒரு பெரிய கிளப் வந்து, கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கிளப்பையும் மைதானத்தையும் எங்கள் பேருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றது. மைதானம் ஆற்றங்கரையில் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது ரக்பி அல்ல, வீடு கட்டி விற்க இடம் என்று குழந்தைக்கும் தெரியும். எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம்.

தலைவர் கேவன் லிஸ்டர் கொடுத்துவிடலாம் என்றார். பொருளாளர் ட்ரென்ட்டும் அவர் பக்கம். ஆல்டோ, நெவ், கேன்டீன் நடத்தும் டல்சி, மூவரும் முடியாது என்றார்கள். மூன்றுக்கு இரண்டு, தப்பித்தோம் என்றிருந்தோம். ஆல்டோ நெஞ்சு வலி என்று டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் படுத்ததும் லிஸ்டர் அவசரக் கூட்டம் போட்டார். பிரிஸ்பேன்காரர்கள் வைத்த கெடு அன்று மாலையோடு முடிகிறது. இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு.

டல்சிதான் வழி கண்டுபிடித்தாள். எங்கள் விதிப்படி தலைவர் முன்மொழியவும் கூடாது, வழிமொழியவும் கூடாது. ட்ரென்ட் முன்மொழிந்தால், வழிமொழிய மிஞ்சுவது அவளும் நெவ்வும் மட்டுமே. கூட்டத்துக்கு முன்னால் அவரை என் பாரில் பிடித்து நிறுத்தினாள்.

"நெவ், நீ எதிர்த்துக்கூடப் பேச வேணாம். சும்மா உக்காந்திரு, போதும்."

"உக்காந்திருக்கேன்."

"ட்ரென்ட் படிப்பான். நாம ரெண்டு பேரும் செவுத்தப் பாப்போம். தீர்மானம் செத்துடும்."

"செத்துடும்."

"நான் சொல்றதையே திருப்பிச் சொல்லாதய்யா. புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுது டல்சி. ஆல்டோகிட்டயும் போன்ல சத்தியம் பண்ணிட்டேன்."

சாண்ட்விச் தட்டோடு கூட்ட அறைக்குப் போன நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். லிஸ்டர் தந்திரம் எதுவும் செய்யவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ட்ரென்ட் எழுந்து தீர்மானத்தைப் படித்தான். இதே மைதானத்தில் முட்டியைத் தேய்த்து வளர்ந்தவன் அவன். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முன்மொழிகிறேன்" என்று முடித்தான்.

"வழிமொழிய யாராவது?" என்றார் லிஸ்டர்.

டல்சி சுவரைப் பார்த்தாள். நெவ்வும் பார்த்தார். ட்ரென்ட்டுக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. காதெல்லாம் சிவந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நெவ் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். அந்தப் பையனைப் பார்த்துவிட்டார்.

"வழிமொழியறேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"இல்ல, கேவன், வாய் தவறி வந்துடுச்சு. வாபஸ் வாங்கிக்கறேன்."

"வந்தது வந்ததுதான் நெவ். ஓட்டுல எதிர்த்துக்கோ, யார் வேணாங்கறா?"

எதிர்த்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, எண்ணி முடித்த பிறகும் இறக்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டுக்கு இரண்டு. லிஸ்டர் தன் இன்னொரு ஓட்டைப் போட்டார், முடிந்தது. நுணல் தன் வாயால் தான் மட்டும்தான் கெடும். இந்த மனுஷன் ஊரையே சேர்த்துக் கெடுத்தார்.

"ஏன்யா?" என்றாள் டல்சி.

"அவன் தனியா நின்னான் டல்சி."

தட்டை அவர் மண்டையில் போட்டிருப்பேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

மறுநாள் ஆல்டோவிடம் தானே சொல்ல வேண்டும் என்று கிளம்பினார். காரை நான்தான் ஓட்டினேன். எங்களைப் பார்த்ததும் ஆல்டோ தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"செத்துதா?"

நான் வாயெடுத்தேன். நெவ் கையைக் காட்டி என்னைத் தடுத்தார்.

"இல்ல. நான் வழிமொழிஞ்சுட்டேன்."

ஆல்டோ கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். தலையைத் திரும்பத் தலையணையில் சாய்த்தார்.

"இத்தன வருஷம் என் பின்னாடியே ஓடி வந்த. ஒரு தடவகூட நான் திரும்பிப் பாத்ததில்ல. நீ இருப்பேன்னு தெரியும்."

"தெரியும்," என்றார் நெவ்.

"இப்ப போயிடு நெவ்."

"போறேன்."

ஆல்டோ பிழைத்து வீடு வந்துவிட்டார். மைதானத்தில் வேலி போட்டு மண் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நெவ்வின் வீடு ஆல்டோவின் வீட்டுக்கு நேர் எதிரே. ஆல்டோ குப்பைத் தொட்டியை இழுத்துவந்து தெருவில் வைக்கும் நாளில் நெவ்வும் வெளியே வந்து தன் வாசலில் நிற்கிறார். ஆல்டோ தொட்டியை வைத்துவிட்டு மெதுவாக உள்ளே நடக்கிறார், திரும்பிப் பார்ப்பதில்லை.