எலி டாக்டர் எழுதிய கடிதம்

எங்கள் தெருவில் என் மனைவிக்கு ‘எலி டாக்டர்’ என்று பெயர். மாடி வீட்டுக்காரர் ஒருமுறை நேரிலேயே வந்து, “எலித் தொல்லை தாங்கலம்மா, ஒரே நாள்ல சாகுற மாதிரி ஏதாவது மருந்து சொல்லுங்க” என்று கேட்டார். அவள் வேலையே அதற்கு நேர் எதிர் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அவள் உடலியங்கியல் பேராசிரியை. இதயமும் ரத்தக் குழாயும் எப்படி வேலை செய்கின்றன என்று எலிகளை வைத்து ஆராய்ந்தவள். பிறகு ஆய்வுக்கூட விலங்குகளுக்கான நெறிமுறைக் குழுவில் சேர்ந்தாள். யார் எந்த எலியைத் தொடுவதானாலும் அந்தக் குழு சம்மதிக்க வேண்டும். எத்தனை எலி, எதற்கு, வலிக்குமா, வலித்தால் என்ன செய்வீர்கள் என்று துளைத்தெடுத்துவிடுவாள். தினமும் காலையில் கூண்டுகளின் முன்னால் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். வலிக்கிற எலி கத்தாதாம். கண்ணைச் சுருக்கும், காதை மடக்கும், மூலையில் ஒடுங்கும். எனக்குத் தலைவலி என்றால் நான் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும் அவளுக்கு. எலி என்றால் முகத்தைப் பார்த்தே படித்துவிடுவாள்!

ஒரு தடவை கல்லூரி இயக்குநரே விண்ணப்பம் போட்டார். நூற்றிருபது எலிகளுக்கு அறுவை சிகிச்சை. அதன்பின் வலி மருந்து கிடையாது. கொடுத்தால் ரத்த அழுத்தக் கணக்கு மாறிவிடுமாம். அதற்கு ஆதாரம், இதேபோல் அறுவை செய்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று இருபது வருடத்துக்கு முன் என் மனைவி எழுதிய கட்டுரை. அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். “மேடமே இப்படித்தானே செஞ்சிருக்காங்க” என்று குழுவில் மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

பழைய குறிப்பேடுகள் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. அவள் கையெழுத்திலேயே இருந்தது: ‘மூன்று நாளாகத் தீவனம் தொடவில்லை. காரணம் தெரியவில்லை.’

“வலிங்க” என்றாள். “வலியிலதான் பிரஷர் ஏறியிருக்கு. நான் அதைப் போய்க் கண்டுபிடிப்புன்னு எழுதி வெச்சிருக்கேன்.” அழுதுவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் துறைத் தலைவர் பதவிக்கு நேர்காணல். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. இந்தக் கட்டுரைதான் அவளுக்குப் பெரிய பலம். தேர்வு செய்பவரும் அதே இயக்குநர். “இன்டர்வியூ முடியட்டுமே, அப்புறம் சொல்லேன்” என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“அதுக்குள்ள நூத்திருபதுக்கும் கத்தி வெச்சிருப்பாங்க.”

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக, அதை வெளியிட்ட இதழுக்கும் குழுவுக்கும் கடிதம் எழுதினாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் என்பதால் பார்க்கச் சொல்லித் தந்தாள். ‘நான் தவறு செய்தேன்’ என்று இருந்ததை, கொஞ்சம் பதமாக இருக்கட்டுமே என்று ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று மாற்றினேன். சிவப்புப் பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

“தானா நேர்றதுக்கு இது என்ன மழையா? செஞ்சது நான்.”

முப்பது வருடமாக ஊரார் பிழையைத் திருத்திச் சாப்பிடுகிறேன். என் திருத்தத்தைத் திருத்தி, அதுவும் சரியாகத் திருத்தியவள் அவள் ஒருத்திதான்.

கடிதத்தைப் பார்த்த இயக்குநர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆதாரமே போய்விட்ட பிறகு என்ன செய்வார்? வலி மருந்தைச் சேர்த்துத் திட்டத்தை மாற்றினார். குழு சம்மதித்தது.

பதவி முடிவு வெளியான அன்று, ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வாசலிலேயே நின்றேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நேத்து ஆபரேஷன் ஆனதுங்க எல்லாம் இன்னைக்குக் காலையிலயே தின்னுதுங்க! ஒண்ணு பாக்கியில்லாம!”

“பதவி?”

“அதுவா? அது வேற ஆளுக்குப் போயிடுச்சு.”

சொல்லிவிட்டு, எந்தக் கூண்டில் எத்தனை கிராம் தின்றிருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். அவள் தலைவராகியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.