தேருக்கு முன்னால் ரேஸ் பிளக்

ரபேலுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டென்றால், அதை யாரும் அவரிடம் இன்னும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். பிரிக்பீல்ட்ஸில் பிறந்த ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. இப்போது கிள்ளானில் வீடு, ஷா ஆலம் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. அந்த வண்டி நடக்கிறவனைக்கூட முந்தாது. ஆனால் ஆள் வாயைத் திறந்தால் எல்லாம் ரேஸ் பேச்சுதான்.

அவருடைய பழைய சாகா காருக்கு ஒரு மரியாதை இருந்தது. வருடா வருடம் மாதா திருவிழாவில் தேருக்கு முன்னால் போவது அதுதான். கூரையில் ஒலிபெருக்கி, பக்கத்து சீட்டில் மைக்கும் ஜெபமாலையுமாக மனைவி வெரோனிகா. போன வருடம் கார் நடுத்தெருவில் இருமித் தொலைத்தது. கோயில் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது: இந்த வருடமும் இருமினால் இனி திமோத்தியின் கார்தான். திமோத்தி வெரோனிகாவின் தம்பி. புது மின்சாரக் கார்க்காரன். அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பது ரபேலுக்கு இன்னும் எரிச்சல்.

திருவிழாவுக்கு முன் கிஷனின் உதிரிபாகக் கடைக்குப் பிளக் வாங்கப் போனார்.

"இந்தக் காருக்கு கம்பெனி சொன்ன சாதா பிளக் போதும்ணே," என்றான் கிஷன்.

"போன வருஷமும் சாதாதான். இருமிச்சே?"

"அது தேஞ்சு போனது லா. புதுசு போட்டா சரியாயிடும்."

"ரேஸ் கார்ல போடுவானுங்களே, அதக் குடு."

"அது வெரட்டி ஓட்டுற வண்டிக்குண்ணே. ஊர்ந்து போனா சூடு பத்தாது, கரி புடிச்சுக்கும். நீங்க எங்க ஓட்டப் போறீங்க?"

தேருக்கு முன்னால், நடக்கிற வேகத்தில் என்று சொல்ல ரபேலுக்கு வாய் வரவில்லை.

"ஹைவேலதான்," என்றார்.

மாட்டிக்கொண்டு ஷா ஆலம்வரை விரட்டிப் பார்த்தார். கார் பறந்தது. வீட்டுக்கு வந்ததும் மைத்துனனுக்குப் போன் போட்டு, "மச்சான், ஒன் கார் பொம்மைக் கார்டா," என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

திருவிழா அன்று தேர் கிளம்பியது. பேண்டு வாத்தியம், மெழுகுவர்த்தி, தெரு கொள்ளாத ஜனம். கார் முதல் கியரில் ஊர்ந்தது. ஜெபமாலையின் இரண்டாவது தேவ இரகசியம் முடிவதற்குள் ஒரு இருமல். பிறகு ஒரு குலுக்கல். பிறகு ஒன்றுமே இல்லை. சாவியைத் திருகத் திருக ஸ்டார்ட்டர்தான் அழுதது. பின்னால் மாதா தேரோடு நின்றுவிட்டார்.

திமோத்தி ஜன்னலில் குனிந்தான். "அத்தான், தள்ளட்டுமா? இல்ல, என் பொம்மைக் காரை எடுத்துட்டு வரட்டுமா?"

"கார்ல ஒண்ணுமில்ல. பெட்ரோல்தான் சரியில்ல."

"பிளக்ல கரியா இருக்கும்."

"டேய், ரேஸ் பிளக்டா இது! ஹைவேல வந்து பாரு, தெரியும்."

வெரோனிகா மைக்கை அணைக்க மறந்திருந்தாள். கார் செத்தாலும் ஒலிபெருக்கி பேட்டரியில் உயிரோடுதான் இருந்தது.

"அப்ப மாதாவையும் ஹைவேலயே கூட்டிட்டுப் போங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. அருள்நிறை மரியே ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜனம் சிரித்தது. பேண்டுக்காரனால் ஊத முடியவில்லை. கமிட்டித் தலைவர் சிரிக்காமல் திமோத்தியைப் பார்த்துக் கையசைத்தார்.

மின்சாரக் கார் சத்தமே இல்லாமல் வந்து முன்னால் நின்றது. ஒலிபெருக்கி அதன் கூரைக்கு மாறியது; வெரோனிகா மைக்கை எடுத்துக்கொண்டு அதில் ஏறிவிட்டாள். தேர் நகர்ந்தது. ரபேலும் நாலு பையன்களும் சாகாவைத் தள்ளி ஓரங்கட்டினார்கள்.

மூச்சு வாங்கியது. இருந்தாலும் ஒவ்வொருவன் தோளையும் தட்டிச் சொன்னார்:

"ஹைவேல இது பறக்கும் தெரியுமா?"